எந்தப் படத்துக்கும் பொருந்தும் கவிதை

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பொதுத்தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு வினா வரும். வினாத்தாளில் ஒரு படம் அச்சாகியிருக்கும். ஏர் உழுகிற விவசாயி, மரக்கன்று நடுகிற சிறுமி, கைபேசியில் மூழ்கிக் கிடக்கிற கூட்டம் என்று ஏதோ ஒரு காட்சி. அதைப் பார்த்ததும் மனத்தில் தோன்றுவதை மாணவர் கவிதையாகவோ நயமான உரைநடையாகவோ எழுத வேண்டும். மதிப்பெண் 5. மூன்று மணி நேரத் தேர்வில் 'உனக்குத் தோன்றுவதைச் சொல்' என்று மாணவரிடம் கேட்கிற இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

அந்த இடத்துக்கும் விடை முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படியான பொதுவான சில வரிகள் மாணவர்களிடையே வழிவழியாகப் புழங்குகின்றன. வானமும் மேகமும் வந்து போகும். கடைசியில் 'இந்தக் காட்சியும்' என்று ஒரு சொல் சேரும். படத்தில் இருப்பது உழவரா, குப்பைமேடா என்பது பொருட்டில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்து, மாதத் தேர்விலும் திருப்புதல் தேர்விலும் எழுதிப் பழகி, பொதுத்தேர்வில் ஒரு எழுத்து பிசகாமல் எழுதிவிட்டு வரலாம்.

வினாவைக் குறை சொல்ல முடியாது, நல்ல வினாதான். மாணவரையும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சொந்தமாக எழுதினால் ஐந்துக்கு ஐந்தும் வரலாம், இரண்டும் வரலாம். திருத்துகிறவரின் ரசனையைப் பொறுத்தது. மனப்பாட வரிகளை எழுதினால் மூன்றோ நான்கோ நிச்சயம். பதினைந்து வயதுக் கணக்கு அது, சரியான கணக்கும்கூட. குழந்தைகளின் படைப்பாற்றலைப் பள்ளிகள் வளர்க்கின்றனவா, நசுக்குகின்றனவா என்ற விவாதத்தின் முடிச்சு இந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அளக்கப் புகுந்த கதை

படைப்பாற்றல் என்றால் பாட்டும் படமும் மட்டும் என்று நினைப்பது பொதுவழக்கம். உளவியலாளர்கள் தரும் வரையறை சற்று அகலமானது. உருவாகிற ஒன்று புதியதாகவும் இருக்க வேண்டும், காரியத்துக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். கணக்கைச் சுருக்கு வழியில் போடும் சிறுமியிடமும், அறுந்த செருப்பு வாரை ஊக்கு குத்தி ஓட்டும் சிறுவனிடமும் அது உண்டு. வெறும் கிறுக்குத்தனத்தை இந்த வரையறை ஏற்காது.

இதை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்களில் முதன்மையானவர் ஜே. பி. கில்ஃபோர்ட். 1950-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையில் ஒரு கணக்குச் சொன்னார்: அதுவரை தொகுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 1,21,000 உளவியல் ஆய்வுத் தலைப்புகளில் படைப்பாற்றலைத் தொட்டவை வெறும் 186. ஒரே சரியான விடையை நோக்கிக் குவிகிற சிந்தனை, பல விடைகளை நோக்கி விரிகிற சிந்தனை என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தைப் பரப்பியவரும் அவரே. நம் ஊர் ஆசிரியர் பயிற்சி நூல்களில் வரும் குவி சிந்தனையும் விரி சிந்தனையும் அங்கிருந்து வந்தவை. ஒரு செங்கல்லை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்பது விரி சிந்தனைக்கான சோதனை. சுவர் கட்டலாம் என்பதோடு சிலர் நின்றுவிடுவார்கள். கதவுக்கு அண்டை கொடுக்கலாம், சட்டியைத் தூக்கி வைத்து அடுப்பாக்கலாம், பொடித்துக் கோலத்துக்குக் காவி போடலாம் என்று சிலருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்து வந்தவர் பால் டாரன்ஸ். மினசோட்டா மாநிலத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை 1950-களின் கடைசியிலிருந்து தொடர்ந்து சோதித்து, 1966-இல் தன் பெயரிலேயே ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டார். எத்தனை யோசனை சொன்னார்கள், எத்தனை வகையாகச் சொன்னார்கள், மற்றவர் சொல்லாத எதைச் சொன்னார்கள், எவ்வளவு விரித்துச் சொன்னார்கள் என்று பார்த்து மதிப்பெண் இடுவது அதன் முறை. நான்காம் வகுப்பை ஒட்டிக் குழந்தைகள் பலரின் மதிப்பெண் இறங்குவதை அவர் கண்டார். 'நான்காம் வகுப்புச் சரிவு' என்று அது பேர்பெற்றது.

பள்ளிமீது பழி சுமத்துவோர் இந்தச் சரிவை அடிக்கடி சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அது எல்லா ஊரிலும் ஒரே வயதில் வருவதில்லை. அதற்குப் பள்ளி மட்டும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஐந்து வயதுக் குழந்தை நாலு கோடு இழுத்துவிட்டு 'குதிரை' என்றால் அது குதிரைதான். ஒன்பது வயதில் அதே குழந்தை தான் வரைந்ததை உற்றுப் பார்த்து, 'இது குதிரை மாதிரியே இல்லை' என்று அழிப்பானைத் தேடும். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானோ என்ற எண்ணம் வருகிற வயது அது. உலகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு ஒரு விலை உண்டு. வகுப்பறை அந்த விலையைக் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம்.

எப்படிக் கூட்டுகிறது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னதாகவே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு, சொல்லாமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, ஓய்வு நேரத்தில் யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைவாகப் பார்த்தபோது, பரிசு வரும் என்று தெரிந்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது. பரிசு கொடுத்ததில் கெடுதல் இல்லை என்பதை இரண்டாவது குழு காட்டியது. 'செய்தால் தருவேன்' என்ற பேரம்தான் ஆசையைத் தின்றது.

2011-இல் வெளியான எலிசபெத் பொனாவிட்ஸ் குழுவினரின் ஆய்வு ஆசிரியர்களை இன்னும் நேரடியாகத் தொடுவது. அருங்காட்சியகத்துக்கு வந்த நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் குழாய்களால் ஆன விசித்திரமான பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். அதற்குள் ஒளிரும் விளக்கு, இசை எழுப்பும் பகுதி, கண்ணாடி என்று வேறு சிலவும் ஒளிந்திருந்தன. சில குழந்தைகளுக்கு, 'இது இப்படித்தான் வேலை செய்யும், பார்' என்று கீச்சொலியை மட்டும் பாடம்போலச் செய்து காட்டினார்கள். மற்றவர்கள் முன்னால் அதே ஒலியைத் தற்செயலாக எழுப்புவதுபோல எழுப்பினார்கள், அல்லது பொம்மையைச் சும்மா கொடுத்தார்கள். பாடம் கேட்ட குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்ப எழுப்பினார்கள். மற்றவற்றைத் தேடுவது குறைந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தால், சொல்லாதது எதுவும் இல்லை என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது. அது புத்திசாலித்தனமான முடிவு என்பதுதான் இதில் சங்கடம். சொல்லிக்கொடுத்ததைக் குழந்தை வேகமாகவும் சரியாகவும் கற்றது, தேடலைக் கைவிட்டது. கற்பித்தல் இரண்டையும் சேர்த்தே செய்கிறது.

ஆசிரியர்கள் கெட்டிக்காரக் குழந்தையை விரும்புகிறார்கள், படைப்பாற்றல் மிக்க குழந்தையை அவ்வளவாக விரும்புவதில்லை என்று கெட்ஸல்ஸ், ஜாக்சன் என்ற சிகாகோ ஆய்வாளர்கள் 1962-இலேயே எழுதினார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஆராய்ந்த இரு வகை மாணவர்களும் பாடத்தில் வாங்கிய மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றே. 1995-இல் வெஸ்ட்பி, டாசன் இருவரும் செய்த ஆய்விலும், படைப்பாற்றல் வேண்டும் என்று சொன்ன ஆசிரியர்களுக்குப் பிடித்த மாணவரின் குணங்கள் வேறாகவே இருந்தன. இதில் வியப்பு இல்லை. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில், 'ஏன் சார் இப்படிச் செய்யக் கூடாது?' என்று மூன்றாவது முறை கேட்கும் பையன் பாடத்தை முடிக்க விடமாட்டான்.

மனப்பாடம் எதிரியா?

2006-இல் பிரிட்டிஷ் கல்வியாளர் கென் ராபின்சன் டெட் மேடையில் 'பள்ளிகள் படைப்பாற்றலைக் கொல்கின்றனவா?' என்று பேசினார். இணையத்தில் மிக அதிகம் பேர் பார்த்த உரைகளில் ஒன்று அது. குழந்தைகள் தவறு செய்ய அஞ்சாதவர்கள், பள்ளி அந்த அச்சத்தைக் கற்றுத்தருகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நகைச்சுவை ததும்பும் பேச்சு. ஆனால் பாதிதான் சரி. பள்ளி தலையிடாவிட்டால் படைப்பாற்றல் தானே செழிக்கும் என்ற தொனி அதில் இருக்கிறது. கைப்பொருள் இல்லாமல் யாரும் எதையும் படைப்பதில்லை.

தமிழ் மரபே இதற்குச் சாட்சி. திண்ணைப் பள்ளிக்கூடம் முழுக்க மனப்பாடத்தில் ஓடியது. எண்சுவடி, நிகண்டு, நீதிநூல்கள் என எல்லாம் வாயில் ஏறியாக வேண்டும். மணலில் விரலால் எழுதிப் பழகியபின் ஓலை. மூத்த பிள்ளை இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே இயல்பு. 1790-களில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த வழக்கங்களைப் பார்த்து எடுத்துக்கொண்டு, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்று அது அங்கே பரவியது. இந்த மனப்பாடக் கிடங்கிலிருந்துதான் கொடுத்த ஈற்றடிக்கு நின்ற நிலையில் வெண்பா பாடுகிறவர்கள் வந்தார்கள். சீரும் தளையும் கட்டிப்போட, கடைசி அடியை வேறொருவர் முடிவு செய்துவிட, மீதியிருக்கும் சின்ன இடத்தில் புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு அங்கே படைப்பை நசுக்கவில்லை, உசுப்பியது. மனப்பாடம் செய்ததை அப்படியே திருப்பிச் சொன்னால் ஈற்றடி ஆட்டத்தில் தோற்க வேண்டியதுதான். காட்சியைக் கண்டு எழுதும் வினாவில் ஜெயிக்கலாம். வித்தியாசம் மனப்பாடத்தில் இல்லை, அதை வைத்து என்ன கேட்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. (திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிவிடவும் வேண்டாம். பிரம்பும், கோதண்டத்தில் தொங்கவிடும் தண்டனையும் அதே திண்ணையில்தான் இருந்தன. சாதி பார்த்தே உள்ளே விட்டார்கள்.)

நிகழ்காலச் சான்று சிங்கப்பூர். பிசா எனப்படும் பன்னாட்டு மாணவர் மதிப்பீடு 2022 சுற்றில் முதன்முறையாகப் பதினைந்து வயதினரின் படைப்புச் சிந்தனையையும் அளந்தது. 2024 ஜூனில் வந்த முடிவில் சிங்கப்பூர் 60-க்கு 41 பெற்று முதலிடம். தென் கொரியாவும் கனடாவும் 38. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) நாடுகளின் சராசரி 33. தேர்வு, தனிப்பயிற்சி, போட்டி என்று பேர்போன நாடு, கட்டுப்பாடற்ற கல்விக்குப் புகழ்பெற்ற பல நாடுகளுக்கு முன்னால் நின்றது. கணிதத்தில் அடிப்படைத் தேர்ச்சி இல்லாத மாணவர்கள் படைப்புச் சிந்தனையில் உச்சம் தொடுவது அரிது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. உச்சம் தொட கணிதப் புலியாக இருக்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது.

ஆனால் சிங்கப்பூர் அந்த இடத்துக்குத் தேர்வை இறுக்கி வரவில்லை. 1997-இல் 'சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்' என்ற கொள்கை, 2004-இல் 'குறைவாகக் கற்பி, அதிகம் கற்கட்டும்' என்ற முழக்கம், 2012-இல் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றோரின் பெயரை வெளியிடுவதை நிறுத்தியது, 2019-இல் முதலிரு வகுப்புகளுக்குத் தேர்வே இல்லை என்றது, 2023-க்குள் எல்லா வகுப்பிலும் அரையாண்டுத் தேர்வை எடுத்தது எனப் படிப்படியாகத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறது.

'படைப்பாற்றல் கல்வி' என்று பெயர் வைத்தபோது

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது, அதுவும் மிகப் பெரிய அளவில். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முன்முயற்சியில், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புற மையம் உருவாக்கிய முறையே இதற்கு மூலம். சென்னையில் வேர்பிடித்தபின், 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளின் ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை விரிந்தது.

அந்த வகுப்பறைக்குள் நுழைந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது நாற்காலி இல்லாததுதான். ஆசிரியர் பாயில் உட்கார்ந்திருந்தார். சுவரில் குழந்தையின் இடுப்புயரத்துக்குக் கரும்பலகை ஓடியது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் சொந்தமாக ஒரு கட்டம். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிப் பந்தலில் குழந்தைகள் வரைந்த படங்களும் வெட்டிய காகிதங்களும் தொங்கின. சுவரில் ஒட்டிய கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியைக் குழந்தை தானே தேடும். அந்தப் படிக்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அட்டை சொல்லும் குழுவில் போய் உட்காரும். ஒரு குழுவில் ஆசிரியர் முழுதும் உடனிருப்பார், ஒன்றில் பாதி, ஒன்றில் சக மாணவர் உதவுவார், ஒன்றில் தானே படிக்க வேண்டும், ஒன்றில் மதிப்பீடு. காய்ச்சலில் பத்து நாள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்து தொடரலாம். 'நீ பின்தங்கிவிட்டாய்' என்று சொல்ல அங்கே ஆளில்லை. அச்சம் போனது என்பதை இந்த முறையைக் குறைகூறியவர்களும் மறுக்கவில்லை.

படைப்பாற்றல் வளர்ந்ததா என்பது வேறு கேள்வி. எப்போது ஏறுவது என்பது குழந்தையின் விருப்பம். எந்தப் படிக்கு அடுத்து எந்தப் படி என்பது அட்டையின் விருப்பம். ஏணியை விட்டு இறங்கி, முற்றத்தில் ஓடும் எறும்பு வரிசையைப் பற்றி நாலு வரி எழுத நினைக்கும் குழந்தைக்கு அட்டை கிடையாது. ஆசிரியரே இல்லாமல்கூட ஓட வேண்டும் என்று திட்டமிட்ட முறை, நல்ல ஆசிரியரின் கையையும் கட்டியது.

ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை அதே காலத்தில் வந்த முறைக்கு அரசு வைத்த பெயரே 'படைப்பாற்றல் கல்வி'. அதில் அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல், வலுவூட்டல், மதிப்பீடு என்று படிநிலைகள் இருந்தன. மாணவர் பாடத்தைத் தானே வாசித்து, புரிந்ததை மனவரைபடமாக்கி, குழுவில் பேசித் தொகுத்து, வகுப்பின் முன் வழங்க வேண்டும். சிறப்பான யோசனை. மனவரைபடம் என்பது ஒருவர் மனத்தில் பாடம் எப்படிப் படிந்தது என்பதன் படம். நாற்பது பேர் வரைந்தால் நாற்பது விதமாக இருக்க வேண்டும். பல வகுப்பறைகளில் அது ஒரே விதமாக வந்தது. நடுவில் ஒரு வட்டத்தில் பாடத் தலைப்பு, சுற்றிலும் ஆறு வட்டங்களில் பாடநூலின் உள்தலைப்புகள். பார்வையிட வரும் அதிகாரி குறிப்பேட்டில் மனவரைபடம் இருக்கிறதா என்று பார்ப்பார்; இருக்கும். பாடக் குறிப்பில் படிநிலைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்; இருக்கும். எழுபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் பயிற்சிக்கோ புள்ளிவிவரம் கொடுக்கவோ போயிருக்கிறார் என்னும் ஈராசிரியர் பள்ளியில் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

2012-13-இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. எழுத்துத் தேர்வுக்கு 60, ஆண்டு முழுதும் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. செயல்திட்டம், களப்பயணம், நாடகம், ஆல்பம் தயாரித்தல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். புத்தகப் பையின் எடை உண்மையிலேயே குறைந்தது. இன்னொரு பக்கம், எழுதுபொருள் கடைகளில் படத்தாள் வியாபாரம் சூடுபிடித்தது. 'மூலிகைகள்', 'தேசத் தலைவர்கள்', 'நீர்வாழ் விலங்குகள்' என்று எந்தத் தலைப்புக் கேட்டாலும் கடைக்காரர் மேலே தொங்கும் கட்டிலிருந்து உருவித் தருவார். இரவு ஒன்பது மணிக்கு அப்பா வாங்கிவர, அம்மா வெட்டி ஒட்ட, காலையில் பிள்ளை எடுத்துப் போகும். செயல்திட்டம் முடிந்தது, பத்துக்குப் பத்து. ஸ்டான்ஃபோர்டின் தங்க நட்சத்திரம் இங்கே பத்து மதிப்பெண்ணாக வந்து அதே வேலையைச் செய்தது.

கொரோனாவுக்குப் பின் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை 'எண்ணும் எழுத்தும்' வந்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எழுத்தையும் எண்ணையும் உறுதிப்படுத்துவது அதன் நோக்கம். ஆடலும் பாடலும் கதையும் பொம்மலாட்டமும் அதில் நிறைய உண்டு. ஆனால் வழி அவை, இலக்கு வாசிப்பும் கணக்கும். இரண்டு ஆண்டு பள்ளி மூடிக்கிடந்தபின் அந்த வரிசை தவறும் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையிடம் கதை எழுதச் சொல்லி என்ன பயன்? 2009 சுற்றின் நீட்சியாக நடந்த பிசா மதிப்பீட்டில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்று, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் பட்டியலில் கடைசிப் படிகளில் நின்றதை நினைத்துப் பார்க்கலாம். மனப்பாடத்தில் தேறிய பிள்ளைகள், படித்ததைப் புதிய இடத்தில் பொருத்தச் சொன்னபோது திணறினார்கள்.

இரண்டு மலை, நடுவே சூரியன்

ஓவிய வகுப்பு இந்த விவாதத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளையிடம் 'ஒரு படம் வரை' என்றால், பெரும்பாலும் முக்கோணமாக இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் சாய்ந்த டிக் போட்டதுபோல நாலு பறவை வரும். மலையே இல்லாத தஞ்சாவூர்ப் பிள்ளையும் மலை வரையும். இதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தரவில்லை. அண்ணன் வரைந்ததைத் தம்பி பார்த்தான். மிஸ் அதற்கு 'குட்' போட்டார். காட்சியைக் கண்டு எழுதும் வினாவின் பொதுக் கவிதைக்கு இது அக்காள் முறை.

இயற்கைக்காட்சியைத் தாண்டிக் குழந்தையை நகர்த்த, வரையத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. நிரந்தரம் கேட்டு ஆண்டுதோறும் சென்னையில் போராடும் ஆசிரியர் கூட்டங்களில் அவர்களும் உண்டு. கலைக்கு ஒரு சமூகம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைக் கொள்கை அறிக்கையைவிட இந்தச் சம்பளப் பட்டியல் தெளிவாகச் சொல்லும். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தி, கலையரசன், கலையரசி பட்டங்கள் தருவது நல்ல தொடக்கம். பறையும் சிலம்பமும் கூத்தும் பள்ளி மேடைக்கு வந்தது சிறிய செய்தி அல்ல. என்றாலும் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை, வகுப்பு வாரந்தோறும்.

சிறிய பள்ளி, பெரிய அரசு

படைப்பாற்றலை வளர்த்த பள்ளிகள் என்று உலகம் கொண்டாடுபவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை சிறியவை. தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் தொடங்கியபோது மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏ. எஸ். நீல் 1921-இல் ஜெர்மனியில் தொடங்கிப் பின்னர் இங்கிலாந்துக்கு மாற்றிய சம்மர்ஹில், குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா நடத்திய பவநகர் பால மந்திர் எல்லாம் அப்படித்தான். தமிழிலும் பலர் விரும்பிப் படிக்கும் 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானிய நூலில் வரும் தோமோயே பள்ளியில் ஏறத்தாழ ஐம்பது பேர்தான். பழைய ரயில் பெட்டிகள்தாம் வகுப்பறை. எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும். 1945-இல் விமானக் குண்டுவீச்சில் அது எரிந்து போனது. அப்பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே ஒரு சிறுமியின் பேச்சை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததைச் செய்முறையாக்கி, சுற்றறிக்கையாக மாற்றி, பல்லாயிரம் பள்ளிகளுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆறு வட்டமுள்ள மனவரைபடம் உதாரணம்.

பெரிய அமைப்பு ஒன்றை நம்பகமாக நடத்த, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வின் விடைக்குறிப்பு அப்படிப்பட்டது. திருத்தும் முகாமில் கன்னியாகுமரி ஆசிரியரும் கிருஷ்ணகிரி ஆசிரியரும் ஒரே விடைக்கு ஒரே மதிப்பெண் போட வேண்டும். விடைத்தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை, அப்பாவின் தொழில் இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு இந்த முகமற்ற தேர்வு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை, நேர்முகத்திலும் 'ஆளுமை' மதிப்பீட்டிலும் யார் ஜெயிப்பார்கள் என்று அறிந்தவர்கள் அறிவார்கள். படைப்பாற்றலுக்குத் தடையாக இருக்கும் அதே விடைக்குறிப்புத்தான் சமநீதிக்குக் கேடயமாகவும் இருக்கிறது. இந்தச் சிக்கலைப் பேசாமல் 'மனப்பாடக் கல்வி ஒழிக' என்பது சுலபம்.

ஆகவே மாற்றங்கள் தேர்வின் ஓரங்களில்தான் முதலில் வந்தன. 2017-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதைத் தமிழ்நாடு நிறுத்தியது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வினா வரும் என்று முன்பே சொல்லிவிடும் வினாத்தாள் வடிவமைப்புப் பட்டியல் கைவிடப்பட்டது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்தின் முடிவில் 'கற்பவை கற்றபின்' என்று பிள்ளைகள் பேச, தேட, எழுத வேண்டிய வேலைகள் இடம்பெற்றன. நல்ல ஆசிரியர் அதிலிருந்து ஒரு வாரத்துக்கான வகுப்பை உருவாக்கிவிடுவார். அதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் பலர் தாண்டிப் போகிறார்கள். மதிப்பெண் இருந்திருந்தால் கடையில் படத்தாள் வந்திருக்கும்.

மதிப்பெண்ணும் போட வேண்டும், படைப்பையும் கேட்க வேண்டும் என்றால் வழி உண்டா என்பதற்கு, 2022-இன் பிசா தேர்வு ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் வினாவகைகளில் ஒன்று, ஒரு படத்தைக் கொடுத்து, ஒன்றுக்கொன்று மாறுபட்ட தலைப்புகளை எழுதச் சொல்வது. தேர்வு எழுதுபவர்களும் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். திருத்துவோரிடம் சரியான விடை என்று ஒன்று தரப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, அந்த வினாவுக்குப் பிள்ளைகள் வழக்கமாக எழுதும் கருத்துகள் எவை என்ற பட்டியல் கையில் இருக்கும். படத்துக்குப் பொருந்தாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. பொருந்தியிருந்தும் பலர் சொன்னதையே சொன்னால், புதுமை கேட்கும் வினாவில் பாதி மதிப்பெண். பொருந்தவும் செய்து, பட்டியலில் இல்லாததாகவோ, பட்டியலில் உள்ளதையே புதுக் கோணத்தில் சொன்னதாகவோ இருந்தால் முழு மதிப்பெண். திருத்துவோர் ஒரே விடைக்கு வேறுவேறு மதிப்பெண் போடுகிறார்களா என்று பார்க்க, ஒரு பகுதி விடைகளைப் பலரிடம் கொடுத்து ஒப்பிடுகிறார்கள்.

இந்த முறையில் திருத்தினால், 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' வினாவின் வானமும் மேகமும் பட்டியலின் முதல் வரியில் இருக்கும். எத்தனை ஆயிரம் பேர் எழுதுகிறார்களோ அந்த அளவுக்கு அதன் மதிப்பு இறங்கும். மனப்பாடம் செய்துகொண்டு வருவது அப்போது பாதுகாப்பான கணக்காக இருக்காது. ஏர் உழுகிறவரின் காலில் ஒட்டிய சேற்றைக் கவனித்து இரண்டு வரி எழுதுவதுதான் லாபம் என்று பதினைந்து வயதுப் பிள்ளை போட்டுப் பார்க்கும்.